தலைகீழாய் ஒரு பூ

திண்டிவனம் பக்கம் கடைவாசலில் அண்ணாந்து பாருங்கள். திருஷ்டிக்கென்று பிடுங்கிய கற்றாழை, வேர் மேலே, மடல் கீழே என்று கயிற்றில் தொங்கும். மண் இல்லை, தண்ணீர் இல்லை. மஞ்சளும் குங்குமமும் மட்டும் தாராளம். மடல் சுருங்கிச் சிவந்து, ‘கதை முடிந்தது’ என்று எல்லோரும் தீர்மானித்த பிறகு ஒருநாள் தண்டு நீட்டும். அதையும் வானம் பார்க்க வளைத்து, மஞ்சளாய்ப் பூக்கும். “பாத்தியா, திருஷ்டி கழிஞ்சிடுச்சு!” என்பார் முதலாளி. பாடுபட்டது செடி, பேர் அவருக்கு.

சூட்சுமம் பெரிதில்லை. ஈரம் போகாதிருக்கப் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு ராத்திரியில் திறக்கும். மடலுக்குள் உள்ள சோற்றை வைத்து மாதக்கணக்கில் காலம் தள்ளும். அதற்கு ஆகாதது நம் பாசம்தான். தினமும் ஊற்றினால் வேர் அழுகிவிடும். 2024-இல் ஃபெஞ்சல் புயல் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழையைக் கொட்டியதே, அன்று தொட்டிக் கற்றாழையைவிடத் தொங்கிய கற்றாழைக்கே யோகம்.

உங்கள் வாசலில் தொங்குவது பூத்தால் திருஷ்டிக் கணக்குப் பார்க்காதீர்கள். இறக்கி, மணல் கலந்த மண்ணில் நடுங்கள்.