241ஆம் நாள்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் பெண்ணுக்கு மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பு, படிப்புக் காலம் முழுமைக்கும் ஒரே முறை, 240 நாள் வரை இருந்தது. 2022 விதிகளிலும் அதே 240 நாள்தான். 241ஆம் நாள் குழந்தை தானே குளித்து, தானே சாப்பிட்டு, அம்மாவின் ஆய்வேட்டில் எழுத்துப்பிழையும் பார்த்துக் கொடுக்கும் என்பது எதிர்பார்ப்பு போலும். ஆய்வேட்டை முடிக்க, 2016 விதிப்படி, அதிகபட்சம் 6 ஆண்டு இருந்தது. பெண்களுக்கு மேலும் 2. நடைமுறையில் படிப்பு தொடங்குவது இட்லிக்கு மாவரைத்து, பாத்திரம் கழுவி, பிள்ளையின் டைரியில் கையெழுத்துப் போட்ட பிறகு. மடிக்கணினியைத் திறந்ததும் குழந்தைக்குத் தாகம் எடுக்கும். "லீவுதானே, சும்மாதானே இருக்கே" என்று அந்த 240 நாளில் பெட்டியோடு வந்து இறங்கும் உறவினர்களுக்கு மட்டும் விதியில் உச்சவரம்பு கிடையாது.