எல்லாம் செட்டு!

1989-இல் வந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 400-க்கும் மேற்பட்ட பொருள்கள். பாவம், அந்தப் பண்டிதர்கள் நம் டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் 20 தொகுதி 40 ஆகியிருக்கும்.

நமக்கு விளக்கமே தேவையில்லை. காலையில் செட் தோசை, வயலில் பம்புசெட். ஜாதகம் செட்டானால் கல்யாணம், கல்யாணத்துக்கு மைக்செட், ஆறே மாதத்தில் 'எங்களுக்குள்ள செட்டாகல'. கூடப் படித்தவன் நம்ம செட்டு. எதிர்க்கட்சிக்குப் போனால் வேற செட்டு. (கொள்கை, கோட்பாடு என்று நீட்டி முழக்க வேண்டாம் பாருங்கள்!) இனி அகராதியை ஒரே பக்கத்தில் அச்சடிக்கலாம். எத்தனை மரம் பிழைக்கும்!

இந்த அநியாயத்தைக் கண்டிக்கத் தனித்தமிழ் மேடையில் ஒரு பெரியவர் கொதித்தெழுந்தார். மைக்செட் கச்சிதமாக வேலை செய்தது. பல்செட்தான் செட்டாகவில்லை.