அறுபது செக்கன் அம்பயர்

ஞாயிற்றுக்கிழமை புதுக்கடைப் பக்கம் மென்பந்துப் போட்டி நடந்தால், நடுவில் வெள்ளைத் தொப்பியோடு நிற்பவரைப் பார்த்திருப்பீர்கள். பந்தைவிட மணிக்கூட்டைத்தான் அவர் அதிகம் பார்ப்பார்.

ஓவர் முடிந்து அறுபது செக்கனுக்குள் அடுத்த ஓவர் தொடங்க வேண்டும். இரண்டு தரம் எச்சரிக்கை, மூன்றாம் தரம் ஐந்து ஓட்டம் தண்டம். சர்வதேச ஒருநாள், இருபது ஓவர் ஆட்டங்களில் 2023 டிசம்பரில் பரீட்சார்த்தமாக வந்த இந்தச் சட்டம், அடுத்த ஞாயிறே ஐந்து ஓவர் டென்னிஸ் பந்து ஆட்டத்துக்கும் வந்துவிட்டது. “அமெரிக்காவில பேஸ்போலுக்கே மணிக்கூடு வச்சிட்டாங்கள். பேஸில ஆள் இல்லாட்டி பதினஞ்சு செக்கன், இருந்தா பதினெட்டு. உங்களுக்கு அறுபது தாறன், பிறகென்ன?” என்பார்.

ஓவரின் கடைசிப் பந்து கானுக்குள் விழுந்தாலும் மணிக்கூடு நிற்காது. பந்துவீசுகிற பொடியன் முழங்கைவரை கைவிட்டுத் துழாவும்போது இவர் கரையில் நின்று, “நாப்பத்தெட்டு, நாப்பத்தொன்பது” என்று எண்ணுவார். துடைக்க நேரமில்லை. கறுப்புத் தண்ணீர் சொட்டச்சொட்ட வருகிற அந்தப் பந்தைத் துடுப்பாட்டக்காரன் அடித்தால், தெறிப்பது விக்கெட் காப்பாளன் முகத்தில்.

ரோல்ஸைக் கடித்தபடி ஆடிப்பாடி வருகிற அடுத்த துடுப்பாட்டக்காரனுக்கும் விடுதலை கிடையாது. “2023 நவம்பர் 6, டெல்லி. தலைக்கவச வார் அறுந்த எங்கட மத்தியூஸையே ரெண்டு நிமிசத்துக்குள்ள ஆடத் தயாராகேல்ல எண்டு அவுட் குடுத்து அனுப்பினவங்கள். சர்வதேசக் கிரிக்கெட்டில அப்பிடிப் போன முதல் ஆள். நீ ஆரடா தம்பி?”

“அங்கிள், வாய்க்குள்ள ரோல்ஸ்.”

“விழுங்கிக்கொண்டு ஓடு!”

இவ்வளவு கறாரானவருக்கு ரன் அவுட் என்று ஒன்று வந்துவிட்டால் போதும், ஆளே மாறிவிடுவார். கிழமை நாட்களில் சட்டத்தரணி ஒருவரிடம் கிளார்க்காக இருக்கிறவர். முதலில் முறைப்பாட்டுக்காரர் தரப்பு. பிறகு எதிர்த்தரப்பு. பொயின்டில் நின்றவன் சாட்சி. மதிலில் இருந்து பார்த்த ஓட்டோக்காரர் சுயாதீன சாட்சி. அவருக்குக் குறுக்கு விசாரணையும் உண்டு. எறிந்த இடத்தையும் ஸ்டம்பையும் ஒருமுறை நேரில் நடந்து பார்ப்பார். அதற்குள் பிளேன்டீ இரண்டு சுற்று வந்து போய்விடும், வெளிச்சமும் போய்விடும்.

“அங்கிள், அவுட்டா இல்லையா?”

“எழுத்துமூலச் சமர்ப்பணத்தை ரெண்டு பக்கமும் தாங்கோ. தீர்ப்பு வாற ஞாயிறு!”