துண்டுப் படம்

கேள்வி: 64 கோர்களில் ஓடிய கணக்கீடு 64 கோப்புகளைத் தந்தது. பாராவியூ மென்பொருளில் திறந்தால் விமான இறக்கை துண்டு துண்டாக வந்து போகிறதே, ஏன்?

பதில்: பெயர் வைத்த தோஷம்! பெயரின் முடிவில் வரிசை எண்ணைப் பார்த்தால் பாராவியூ அதை நேரப் படி என்று நினைத்துப் படம் ஓட்டிவிடும். கூடவே .பிவிடியு கோப்பு இருக்கிறதா, தேடுங்கள். அதில் தரவு கிடையாது, எந்தத் துண்டு எங்கே என்ற பட்டியல்தான். கல்யாண வீட்டில் வேலை செய்யாமல் அதட்டும் பெரியப்பா மாதிரி. ஆனால் அவரில்லாமல் பந்தி நடக்காது. அந்தக் கோப்பை மட்டும் திறவுங்கள், இறக்கை முழுசாக வரும். அந்தக் கோப்பே இல்லையா? துண்டுகளைத் தனித்தனியே ஏற்றி, 'குரூப் டேட்டாசெட்ஸ்' ஃபில்டரைக் கொடுங்கள். பென்டிரைவில் நகலெடுக்கும்போது பட்டியலோடு துண்டுகளையும் எடுக்க மறக்காதீர்கள்.