அலமாரிக்குள் ஒரு நாய்

தமிழாசிரியை, திண்டிவனம்: "சொந்தமாக யோசித்து எழுது" என்றால் பிள்ளைகள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே?

வெட்டவெளியில் விட்டால் எந்தப் பக்கம் நடப்பார்கள், பாவம்! இத்தாலிய எழுத்தாளர் ஜான்னி ரொதாரி இளமையில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1973-ல் வந்த 'கற்பனையின் இலக்கணம்' நூலில் வழி சொல்கிறார்: ஒட்டாத இரண்டு சொற்களைக் கொடுங்கள். நாய், அலமாரி. ஒற்றைச் சொல் பழகிய தடத்திலேயே ஓடும். இரண்டைச் சேர்த்துக் கட்டினால் புதுத்தடம் போட்டே ஆக வேண்டும். அவர் மொழியில் நடுவே சின்னச் சின்னச் சொற்களை மாற்றிப் போட்டார். நமக்கு வேற்றுமை உருபு இருக்கிறதே! நாயின் அலமாரி, நாய்க்கு அலமாரி, அலமாரியில் நாய், அலமாரியோடு நாய். ஒவ்வொன்றும் ஒரு கதை. நாயின் அலமாரியில் மேல்தட்டில் என்ன இருக்கும் என்று ஆறாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள்.

ஆசிரியர், பரமக்குடி: 'என் அம்மா' கட்டுரை நாற்பது நோட்டிலும் ஒரே மாதிரி இருக்கிறது.

ப, ம வரிசைகளுக்குத் தடை போடுங்கள். உதடு ஒட்டாமல் புலவர்கள் பாடிய நிரோட்டகத்தின் தங்கச்சி இந்த விளையாட்டு. 'அம்மா' போயிற்று, 'அன்பு', 'பாசம்' எல்லாம் போயிற்று. மிஞ்சுவது பிள்ளை கண்டதும் கேட்டதும்தான். நானே எழுதிப் பார்த்தேன்: "என் தாய் தோசைக்கல்லில் நீர் தெளித்தாள், 'ஸ்' என்ற ஓசை கேட்டுத்தான் நான் எழுந்தேன்." பாசம் என்ற சொல் இல்லை, பாசம் இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பு மாணவன், அரூர்: எழுதுகிற மாதிரி எனக்கு எதுவுமே நடக்கவில்லை.

பாரிஸ் பஸ்ஸில் நடந்த அற்பத் தகராறு ஒன்றைப் பிரெஞ்சு எழுத்தாளர் ரேமோன் கெனோ 99 விதமாக எழுதி 1947-ல் புத்தகமாக்கினார். உன் காலை பஸ்ஸைக் கண்டக்டர் சொல்வதாக எழுது. அப்புறம், படிக்கட்டில் தொங்குகிறவனின் செருப்பு சொல்வதாக.

ஒரு தாய், கோவில்பட்டி: பிழை திருத்தவே வேண்டாமா?

வேண்டும், இரண்டாவது வாசிப்பில். முதல் வாசிப்பில் பிடித்த வரிக்குக் கீழே கோடு மட்டும் போடுங்கள். சிவப்பு மைக்குப் பயந்த பிள்ளை, தனக்குப் பிழையில்லாமல் வரும் சொற்களுக்குள்ளேயே ஒடுங்கிவிடும்.

ஒரு தந்தை, துறையூர்: இதற்கெல்லாம் பரீட்சையில் மார்க் வருமா?

கட்டுரைக் கேள்வியோடு வரும் குறிப்புச் சட்டகம் தருவது தலைப்புகளை மட்டும்தான். 'மழையின் பயன்' என்ற தலைப்பின் கீழ் ஒரு பிள்ளை, "கொட்டாங்குச்சியில் நின்ற தண்ணீரை எங்கள் கோழி குடித்தது" என்று தொடங்கினால் எந்த விதி தடுக்கிறது?