அத்தை மகன் செய்த பிழை

மாகறலிலிருந்து உத்திரமேரூருக்கு பஸ்ஸில் அதிக நேரம் ஆகாது. 1980களில் ஒரு அமாவாசை, தறிக்கு லீவு. அப்பா என்னை அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போனார். சாமியைவிடச் சுவரைத்தான் நெடுநேரம் பார்த்தோம். அதில் வெட்டியிருந்த பழைய எழுத்து அப்பாவுக்குப் படிக்க வராது. வாத்தியார் ஒருவரிடம் கேட்டு வைத்திருந்ததை, கல்லைத் தடவியபடியே சொன்னார்.

"ஊர் வேலையப் பாத்துக்க ஏரி வாரியம், தோட்ட வாரியம்னு வச்சிருந்தாங்க பாப்பா. ஓலையில பேரு எழுதிக் குடத்துல போட்டுக் குலுக்குவாங்க. சின்னப் பையன் ஒருத்தன் கையவிட்டு எடுப்பான். ஆனா முன்னாடி வாரியத்துல இருந்துட்டு கணக்கு காட்டாம போனவன் பேரு குடத்துல விழவே விழாது. அவன் மாமன், மாமனார், அத்தை பசங்க, சித்தி பசங்க பேரும் விழாது."

எனக்குக் கோபம் வந்தது. அத்தை மகன் தப்பு செய்தால் என்னை ஏன் தள்ளி வைக்க வேண்டும்? கேட்டேன். அப்பாவிடம் பதில் இல்லை. ஊர் வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே வந்தார்.

பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள் அவை. குடும்பு என்னும் முப்பது பிரிவுகளாக ஊர் இருந்தது. இரண்டாவது கல்வெட்டின்படி வயது 35 முதல் 70க்குள். ஒருமுறை வாரியத்தில் இருந்தவருக்கு மூன்று ஆண்டுகள் இடைவெளி. வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் வேண்டும் என்றும் அதே சுவர் சொல்கிறது. நெசவாளியான என் அப்பாவின் பேர் அந்தக் குடத்தில் விழுந்திருக்காது. பெண்ணான என் பேரைப் பற்றிய பேச்சே எழுந்திருக்காது. அந்தச் சுவரை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் காலத்துக்குத் திரும்ப எனக்கு ஆசையில்லை.

அப்பா சொல்லாத பதில் எனக்குக் கிடைக்க முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

அந்தப் பதில் தொடங்கியது வெகு தூரத்தில். 1994இல் ராஜஸ்தானின் கோட் கிரானா என்ற ஊரில் கூலிப் பதிவேட்டை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். சமூக ஆர்வலர் அருணா ராய் போன்றவர்கள் கூட இருந்து நடத்திய மக்கள் விசாரணை அது. 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம், 17ஆம் பிரிவில் அந்த வழக்கத்தைச் சமூகத் தணிக்கை என்ற பேரில் கிராம சபையின் கையில் கொடுத்தது. 2011 விதிகள் இன்னொன்றும் சேர்த்தன: தணிக்கைக்கு வருபவர் அந்த ஊராட்சியில் குடியிருப்பவராக இருக்கக் கூடாது, வேலையை நடத்தியவர்கள் தணிக்கையில் தலையிடக் கூடாது. படித்தபோது உத்திரமேரூர்ச் சுவர்தான் நினைவுக்கு வந்தது. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரை நீக்குவது உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவதைப் போலவே கடினம். கோட்டையின் கணக்கைப் பார்ப்பவருக்கு இருக்கும் அந்தத் தூரம், ஏரிக்கரையின் கணக்கைப் பார்ப்பவருக்கும் வேண்டும்.

அந்த விதிப்படிதான், வெளியூர்க்காரியாக, வேறொரு மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்கு சமூகத் தணிக்கைக்குப் போனேன். வீடு வீடாக வேலை அட்டையை வாங்கிப் பதிவேட்டோடு ஒப்பிட்டோம். "இது எங்க வீட்டுக்காரரு பேரும்மா," என்றார் ஒரு பாட்டி. "அவரு போய் மூணு வருசமாவுது." போன மாதம்கூட அவர் மண் வெட்டியதாகப் பதிவேட்டில் இருந்தது. ஏரிக்கரையை டேப் பிடித்து அளந்தோம். அளவுப் புத்தகத்தில் எழுதியிருந்த நீளத்தில் பாதிகூட இல்லை. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. வெயிலில் நின்று மண் சுமந்தவர்கள் கூலிக்குக் காத்திருக்க, செத்தவர் பேரில் பணம் போயிருந்தது.

மறுநாள் கிராம சபை. பதிவேட்டைப் பிரித்ததும் ஒருவர் எழுந்து வந்தார். "நீங்க வெளியூரு, பேரெல்லாம் தப்பா படிப்பீங்க. நான் படிக்கிறேன், குடுங்க." வேலையை நடத்தியவரின் மச்சான் அவர். பதிவேடு என் கையைவிட்டுப் போக இருந்தது.

பாட்டி தரையில் கையூன்றி எழுந்தார்.

"நீ உக்காருப்பா," என்று அவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "உனக்கு எந்த ஊரும்மா?"

"மாகறல். காஞ்சிபுரம் பக்கம்."

"எங்க ஊருல உனக்கு சொந்தக்காரங்க யாராச்சும்?"

"யாரும் இல்லைங்க பாட்டி."

"அப்ப நீ படி."