இமையவர் சந்நிதிக்கு ஒரு விண்ணப்பம்

நிபுணர்களைக் காண்பதற்குப் பரிந்துரைக் கடிதம் வழங்கும் பொருட்டே அவதரித்துள்ள மேன்மை தங்கிய ஆஸ்பத்திரி நிர்வாகத்தினரின் சமூகத்துக்கு, குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கொழுந்து எடைபோடும் குமாஸ்தா அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, பனிமூட்டம் ஜன்னலை விட்டு விலகாத வேளையில், டோக்கன் எண் 17 பெற்றுத் தங்கள் வாசல் பெஞ்சில் அமர்ந்தவன் நான். பகலில் அளவுகடந்து உறக்கம் வருகிறது, கோயம்புத்தூரில் தூக்க நிபுணர் ஒருவரிடம் காட்ட ஒரு கடிதம் வேண்டும் என்பதே என் பிரார்த்தனை. பன்னிரண்டே முக்காலுக்கு என் எண்ணை மூன்று முறை அழைத்தார்களாம். நான் உறங்கிக்கொண்டிருந்தேன். என் விண்ணப்பத்தின் தலையில் சிவப்பு மையால் ‘ஆஜராகவில்லை’ என்று எழுதி, புதிதாக விண்ணப்பிக்கும்படி ஆக்ஞாபித்துவிட்டீர்கள். “அண்ணா, காலைக் கொஞ்சம் தூக்குங்க” என்று துடைப்பத்தோடு வந்து எழுப்பிய அம்மாளுக்குத் தெரிந்த என் இருப்பு, தங்கள் பதிவேட்டுக்குத் தெரியாமற் போயிற்று. நானும் ஆஜராகியிருந்தேன், வியாதியும் என் மடியிலேயே ஆஜராகியிருந்தது.

எனினும் தங்களைக் குறைகூற என் நா எழவில்லை. ஏனெனில் தாங்கள் இமையவர். சுயம்வர மண்டபத்தில் நளனைப் போலவே உருக்கொண்டு வீற்றிருந்த நான்கு தேவர்களுக்கு நடுவே மெய்யான நளனைத் தமயந்தி எங்ஙனம் கண்டுகொண்டாள்? தேவர்களின் கால் நிலத்தில் பாவாது, மாலை வாடாது, கண் இமையாது. தங்கள் அறையிலும் அடியேன் அவற்றையே தரிசித்தேன்: ஹீட்டருக்கு நேரே முக்காலியின்மேல் நீட்டியிருந்த பாதங்கள் பூமியைத் தீண்டவில்லை, சுவரிலுள்ள படத்துக்குச் சாத்திய பிளாஸ்டிக் மாலை வாடவில்லை, கைப்பேசியில் பதிந்த விழிகள் ஒருகாலும் இமைக்கவில்லை. அந்த மண்டபத்தில் இமைத்தவன் நான் ஒருவனே. தமயந்தி, இமைத்தவன் கழுத்தில் மாலையிட்டாள். தாங்கள் சிவப்பு மையிட்டீர்கள்.

முதல் முறை நான் வந்தபோது, நன்றாகத் தேநீர் அருந்தும்படி சீட்டெழுதினீர்கள். அந்த ஔஷதத்தை மூட்டை மூட்டையாகக் கட்டி அனுப்பும் இடத்திலேயே உறங்கி விழுகிறவன் நான் என்பதை விண்ணப்பத்தின் மூன்றாம் வரி சொல்லும். இரண்டாம் முறை, சர்க்கரையும் இல்லை, தைராய்டும் இல்லை, ஆகவே வியாதியே இல்லை என்று தீர்ப்பளித்தீர்கள். மூன்றாம் முறை வினாத்தாள் ஒன்று தந்தீர்கள். 1991-இல் மெல்போர்ன் நகரத்து முர்ரே ஜான்ஸ் என்னும் மருத்துவர் வகுத்த எட்டு வினாக்கள். வினாவுக்கு மூன்று வரை மதிப்பெண். மொத்தம் பத்தைத் தாண்டினால் உறக்கம் மிகை. எனக்குப் பத்தொன்பது. பள்ளிக்கூடத்தில்கூட இத்தனை விழுக்காடு வாங்கியதில்லை. ‘போக்குவரத்தில் கார் சற்றே நிற்கையில் உறங்குவீரா?’ என்றொரு வினா. காரில்லாத நான், பலாப்பழக் காலத்தில் பர்லியார் அருகே யானைக்காகப் பேருந்து நின்றபோது, பயணிகள் அத்தனை பேரும் எழுந்து எட்டிப்பார்க்க, முன் இருக்கைக் கம்பியில் நெற்றியைச் சாய்த்து உறங்கியதை உண்மையாக எழுதினேன். யானை வினாத்தாளில் இல்லை என்று அதை அடித்துவிட்டீர்கள்.

இரவில் என் குறட்டை சட்டென்று நிற்கிறதாம், மூச்சும் நிற்கிறதாம், என் மனைவி இருட்டில் இருபது எண்ணி முடிக்குமுன் திணறியெழுந்து மூச்சை மீட்கிறேனாம். தொண்டைத் தசை தளர்ந்து மூச்சின் வழி அடைபடுவதும், மூளை பதறி எழுப்புவதும் மணிக்கு முப்பது முறைக்கு மேற்பட்டால் அது உறக்க மூச்சடைப்பில் கடுமையான வகை என்பார்கள். அப்படிப்பட்டவன் எட்டு மணி நேரம் படுத்தாலும் உறங்கியவன் ஆகான். மூக்கு வழியே காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்துவைக்கும் உபாயத்தை ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் 1981-லேயே சொல்லிவிட்டார். எனக்கிருப்பது அந்த மூச்சடைப்புத்தானா, அல்லது பிரான்ஸ் தேசத்து ஜெலினோ 1880-இல் பெயரிட்ட நார்கோலெப்ஸியா என்பதை, தலையிலும் மார்பிலும் கம்பிகளை ஒட்டி ஓர் இரவும் மறுநாள் பகலும் உறங்கவைத்துப் பார்த்தே சொல்ல வேண்டும். நான் நிச்சயமாகத் தேறக்கூடிய பரீட்சை உலகத்தில் அது ஒன்றுதான். அதற்கும் அனுமதிச்சீட்டு கிடைக்கவில்லை. நாய் கடித்திருந்தாலாவது, 1907 முதல் குன்னூரிலேயே பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது; மலையிறங்கவே வேண்டியதில்லை.

பேரேட்டில் 42 கிலோ என்று எழுதத் தொடங்குவேன். 2-இன் வால் வழுக்கிப் பக்கத்தின் அடிவரை இறங்கியிருக்கும். “என் கொழுந்து எங்க போச்சு ஐயா?” என்று ஒரு கிழவர் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்துக் கேட்டார். போன வருஷம் வரை நான் கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி இயந்திரத்தருகே நின்றவன். அதன் பற்களுக்கும் என் விரல்களுக்கும் நடுவே இருந்தது ஒரு கொட்டாவி. கை போன பிறகு வந்திருந்தால் அரை மணியில் கடிதமெழுதி ஆம்புலன்ஸில் ஏற்றியிருப்பீர்கள். கை இருக்கும்போது வந்தது என் குற்றமா? எங்கள் கொழுந்து லாரி ஓட்டுகிறவனுக்கும் இதே உறக்கம்; வேலை போய்விடும் என்று வாய் திறக்கமாட்டான்; கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் இறங்குகிறான். அவன் லாரி கவிழும் நாளில் யார் பெயருக்கு நேரே ‘ஆஜராகவில்லை’ என்று எழுதுவீர்கள்?

க்ஷமிக்க வேண்டும். இமைக்கிறவர்களுக்குக் கோபமும் வந்துவிடுகிறது. வனவாசத்தில் பதினான்கு ஆண்டுகள் இலட்சுமணன் கண் மூடாதிருக்க, அவன் பங்கு உறக்கத்தையும் அரண்மனையில் ஊர்மிளை உறங்கித் தீர்த்தாள் என்று ஒரு கதை சொல்வதுண்டு. இமையவராகிய தங்கள் அலுவலகத்தின் உறக்கம் அனைத்தும் அவ்வாறே என் கணக்கில் வந்து விழுந்திருக்கக் கூடுமாயின், என் பங்கு போக மீதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு பிரார்த்திக்கிறேன்.

வரும் 23-ஆம் தேதிக்குப் புதிய டோக்கன் வாங்கியாயிற்று. எண் அழைக்கப்படும்போது கிள்ளுவதற்கு மனைவியும் வருகிறாள். துணைக்கு வருவோர் உள்ளே அமரலாகாது என்று பலகையில் கண்டிருப்பதால், அவளும் நோயாளியாகவே ஒரு டோக்கன் பெற்றிருக்கிறாள். வியாதி என்ற கட்டத்தில் ‘கணவன்’ என்று பூர்த்தி செய்திருக்கிறாள்.

இப்படிக்கு,
டோக்கன் எண் 17 (காலாவதியானது)

குறிப்பு: கையெழுத்திலிருந்து தாளின் அடிவரை இறங்கும் கோடு, கையெழுத்தைச் சேர்ந்ததன்று.